ஒரே இழுப்பில் கிளம்பும்

தாராவியில் எங்கள் சந்துக்கென்று ஒரு இஞ்சின் இருக்கிறது. மழைக்காலத்தில் வீட்டுக்குள் ஏறும் தண்ணீரை உறிஞ்சி, மெயின் ரோட்டு நாலாவில், அதாவது பெரிய சாக்கடைக் கால்வாயில், கொண்டுபோய்க் கொட்டுகிற பெட்ரோல் இஞ்சின். தலையில் ஒரு சின்ன டேங்க், பக்கவாட்டில் இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற கயிறு, இந்தப் பக்கம் உறிஞ்சும் குழாய், அந்தப் பக்கம் துப்பும் குழாய். சந்திலுள்ள வீட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வாங்கியது. மழை பெய்கிற மாதங்களில் அது இல்லாமல் எங்களுக்கு ஆகாது. மற்ற மாதங்களில் அதைத் திரும்பிப் பார்க்க நாதி கிடையாது.

அந்த மற்ற மாதங்களில் அதை யார் வீட்டில் வைப்பது என்று போன வருடம் ஒரு பஞ்சாயத்து நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் விடவில்லை. அவருக்கும் எனக்கும் ஒரே வயது. அவருக்கு ஊர் நாசரேத் பக்கம், எனக்குத் தென்காசி பக்கம். அவர் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர், நான் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறவன். தோல் பை தைக்கிற பட்டறையில் அவருக்குக் கட்டிங் வேலை. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் குடியிருக்கிறோம். அந்தச் சுவரோ பாதி செங்கல், மேல் பாதி தகரம். அவர் தும்மினால் நான் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

சந்தில் எனக்கு 'இஞ்சினியர்' என்று பட்டப்பெயர் வைத்ததும் அவர்தான். ஒரு தடவை எங்கள் வீட்டு மிக்ஸியைக் கழற்றி மாட்டினேன். ஓடியது. இரண்டு திருகாணி மட்டும் மிச்சம் வந்தது. அது இல்லாமலே ஓடுகிறது என்றால் கம்பெனிக்காரன்தான் தேவையில்லாமல் போட்டிருக்கிறான் என்று நான் சொன்னேன். அதை அவர் சந்து முழுக்கச் சொல்லிச் சிரித்தார், பெயர் ஒட்டிக்கொண்டது. கேலி என்று எடுத்துக்கொள்ள வேண்டியதை நான் உத்தியோகம் என்று எடுத்துக்கொண்டேன். என் பிழைப்பே அப்படித்தான்.

இஞ்சினியருக்கு உண்மையான வேலை மாட்டுங்காவில். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு பூஜைச் சாமான் கடையில் கல்லாவுக்கு அடுத்தபடி நான்தான். விபூதி, குங்குமம், சந்தனம், விளக்கெண்ணெய், திரி, சாம்பிராணி. ஆகவே ஆயுத பூஜை வந்தால் சந்தில் யார் வீட்டுத் தையல் மெஷினுக்கு எவ்வளவு பொட்டு என்பதெல்லாம் என் இலாகா. மழையும் கிட்டத்தட்ட அந்தச் சமயத்தில்தான் ஓயும். எனவே இஞ்சினுக்குப் பூஜை போட்டு, அப்படியே பரணில் ஏற்றிவிடுவது எங்கள் சந்தில் வழக்கமாகிவிட்டது.

போன வருடம் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. இஞ்சினைக் குளிப்பாட்டினேன். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். கடையிலிருந்து கொண்டுவந்த சந்தனத்தைக் குழைத்து, குழாய் வாயில் ஒன்று, கயிற்றுப் பிடியில் ஒன்று, டேங்க் உச்சியில் பெரிதாக ஒன்று என்று அப்பினேன். கடைக்காரன் வீட்டுப் பூஜையில் சந்தனம் கஞ்சத்தனமாக இருந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? ஒவ்வொரு சந்தனத்துக்கு மேலும் குங்குமம். சாமந்தி மாலை. என் மனைவியின் பழைய சேலையைச் சுற்றியபோது இஞ்சின் வளைகாப்புக்கு உட்கார்ந்த பெண் மாதிரி இருந்தது.

சுண்டல் வாங்கிக்கொள்ள வந்து நின்ற பக்கத்து வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "பொட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு வே. உள்ள கெடக்க பெட்ரோல எறக்கிட்டு மேல ஏத்தும். மாசத்துக்கு ஒருதரம் எடுத்து ஓட்டிப் பாரும்," என்றார்.

"தொழில் தெரிஞ்சவன்கிட்ட வந்து சொல்லாதேயும்," என்றேன் நான். "அடுத்த மழைக்கு ஒரே இழுப்பு. ஒரே இழுப்புல கெளம்பும், பாத்துக்கிட்டே இரும்."

"பாப்போம் வே," என்று சொல்லிவிட்டு இன்னொரு கை சுண்டல் வாங்கிக்கொண்டு போனார். பெட்ரோலை நான் இறக்கவில்லை. அவர் சொன்னதால் இறக்கவில்லை. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை எனக்கே தோன்றியிருக்கும் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இந்த வருடம் வெயில் காலத்தில் அவருக்கு ஒரு விபத்து. ரோட்டைக் கடக்கும்போது ஒரு டெம்போ இடித்து இடது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் காலுக்குள்ளே கம்பி ஏற்றி, வெளியே சுற்றிலும் இரும்பு வளையம் மாட்டி, வீட்டுக்கு அனுப்பினார்கள். கம்பி தோலுக்குள் நுழைகிற ஒவ்வொரு இடமும் ஒரு திறந்த புண். அதில் அழுக்குத் தண்ணீர் மட்டும் படவே கூடாது, பட்டுச் சீழ் வைத்தால் காலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் அவர் மனைவியிடம் இந்தியில் சொல்லியிருக்கிறார். மதினி (அவர் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) வீட்டுக்கு வந்து அதை என் மனைவியிடம் தமிழில் சொல்லி அழுதது தகரத்தைத் தாண்டி எனக்கும் கேட்டது.

தாராவியில் மழைக்காலத்தில் அழுக்குத் தண்ணீர் படாமல் இருப்பது என்றால் அது சாதாரணக் காரியம் இல்லை. எங்கள் சந்தை வருடத்துக்கு வருடம் சிமெண்ட் போட்டு உயர்த்திக்கொண்டே போகிறார்கள். சந்து உயர உயர வீடுகள் பள்ளத்துக்குப் போகின்றன. நான் என் வீட்டுத் தரையை மண் கொட்டி உயர்த்திவிட்டேன். அதன் பலனாக எங்கள் வீட்டில் ஃபேனுக்குக் கீழே யாரும் கையைத் தூக்கிச் சோம்பல் முறிக்க முடியாது. அவர் வீட்டில் மேலே தாழ்வான மாடி அறை இருப்பதால் உயர்த்த வழியில்லை. சந்திலிருந்து இரண்டு படி கீழே இறங்கினால்தான் அவர் வீடு. தண்ணீர் வந்தால் முன்பெல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் இரும்பு ஏணியில் ஏறி மேலே போய் உட்கார்ந்துகொள்வார்கள். இந்த வருடம் அந்தக் காலை வைத்துக்கொண்டு அவர் எந்த ஏணியில் ஏறுவது? மகன் துபாயில் இருக்கிறான். ஆக, அவருடைய கால் முழுக்க என் பரணில் சேலை சுற்றி உட்கார்ந்திருக்கிற இஞ்சினை நம்பித்தான் இருந்தது. அது எனக்கும் தெரியும்.

என் மனைவி முதல் தூறலுக்கே சொன்னாள். "ஏங்க, இஞ்சினை எறக்கி ஒருதரம் ஓட்டிப் பாத்துருங்களேன். அண்ணாச்சி வேற இப்படிக் கெடக்காங்க."

"அதெல்லாம் ரெடியா இருக்கு. சும்மா சும்மா எறக்கி ஏத்த அது என்ன கொலுப் பொம்மையா?" என்றேன். ஒரு வாரம் கழித்து மறுபடி சொன்னாள். மறுபடி அதே பதில். குரலை மட்டும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டேன்.

அந்த நாள் வந்தது. காலையிலிருந்து விடாத மழை. கடலும் ஏறியிருந்தது, கடல் ஏறினால் நாலாத் தண்ணீர் போக இடமில்லாமல் திரும்பி எங்கள் பக்கம்தான் வரும். மத்தியானமே முதலாளி கடையை மூடிவிட்டார். பஸ் இல்லை. கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடந்தே வந்தேன். வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை: இறக்குகிறேன், பெட்ரோல் குழாயைத் திறக்கிறேன், சோக் போடுகிறேன், ஒரே இழுப்பு. சந்தே வாசலுக்கு வந்து பார்க்கிறது. அப்படி ஒரு காட்சியை ஓட்டிக்கொண்டே வந்ததில் இரண்டு தடவை ரோட்டுக் குழியில் விழப் பார்த்தேன்.

சந்தில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே தண்ணீர். பக்கத்து வீட்டு வாசலில் மதினி இடுப்புயரப் பலகையைச் செருகி, மணல் மூட்டை அடுக்கியிருந்தாள். ஆம்பளைகள் யாரும் வேலையிலிருந்து திரும்பவில்லை. நானும் என் மனைவியுமாக இஞ்சினை இறக்கி, சந்திலேயே உயரமான இடமான எங்கள் வாசல்படியில் வைத்து, மேலே பிளாஸ்டிக் ஷீட் கட்டினோம். உறிஞ்சும் குழாயின் நுனியை என் மனைவி எடுத்துக்கொண்டு போய், பலகையைத் தாண்டி அவர் வீட்டுக்குள் இறங்கினாள். துப்பும் குழாயை நான் சந்து முனைக்கு இழுத்துவிட்டேன்.

"இஞ்சினியர் வந்தாச்சா?" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல்.

"வந்தாச்சு வே. உள்ள தண்ணி எவ்வளவு நிக்கி?"

"கணுக்காலுதான். மோரி வழியாக் கொஞ்சம் ஏறுது. கட்டிலுக்கு அடியில செங்கல் குடுத்து ஏத்தி வச்சிருக்கு. நீரு நிதானமாப் பாரும்."

மோரி என்றால் வீட்டு மூலையில் குளிக்கிற இடம். கணுக்கால் என்றால் நேரம் இருக்கிறது. எனக்குத் தெம்பு வந்தது. சோக் போட்டு, காலை அகட்டி வைத்து, இழுத்தேன்.

ஒன்றுமில்லை. ஒரு செருமல்கூட இல்லை. ஒரே இழுப்பு என்று சொன்னேனே, அந்த ஒரு இழுப்பு அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு இழுத்ததெல்லாம் கணக்கில் சேராது. தோள் கழன்றுவிடும்போல ஆகும்வரை இழுத்தேன்.

"என்ன வே, கெணத்துல தண்ணி எறைக்கீரா? சத்தத்தையே காணோம்," என்றார் அவர்.

"சூடாகட்டும் வே. ரொம்ப நாள் கழிச்சு எடுக்கோம்லா," என்றேன், பெரிய டாக்டர் மாதிரி.

டேங்க்கைத் திறந்து மோந்து பார்த்தேன். பெட்ரோல் வாசனையே இல்லை. பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்த நாற்றம். போன வருடப் பெட்ரோல் அப்படியே கிடந்து கெட்டுப்போயிருந்தது. அதை வாளியில் கொட்டினேன். புதுப் பெட்ரோலுக்கு எங்கே போவது? எதிர்வீட்டு ஸ்கூட்டர் நின்றது. அந்த வீட்டம்மா சாவியைத் தந்தாள். டியூப் விட்டு வாயால் உறிஞ்சினேன். முதல் வாய் வயிற்றுக்குள் போய்விட்டது. இரண்டாவது வாய்தான் பாட்டிலுக்கு வந்தது. அன்று முழுக்க ஏப்பம் விடும்போதெல்லாம் என் மனைவி அடுப்பங்கரைப் பக்கம் போகாதீங்க என்றாள்.

புதுப் பெட்ரோல் ஊற்றியும் கிளம்பவில்லை. பிளக்கைக் கழற்றினேன். கன்னங்கரேல் என்று இருந்தது. தீப்பெட்டியின் உரசுகிற பக்கத்தில் தேய்த்துச் சுத்தம் பண்ணி மாட்டினேன். கிளம்பவில்லை. கடைசியில் கார்பரேட்டரின் அடிக் கிண்ணத்தைத் திறந்தால், உள்ளே பச்சையாக ஒரு பிசின். மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல் வற்றி, வெல்லப்பாகு இறுகின மாதிரி அடியில் ஒட்டிக் கிடந்தது. பெட்ரோல் போகிற ஊசித் துவாரத்தில் வெளிச்சமே தெரியவில்லை. ஒரு பழைய வயரைச் சீவி, ஒற்றைச் செம்புக் கம்பியை எடுத்துக் குத்தினேன். 'பெட்ரோல எறக்கிட்டு மேல ஏத்தும்' என்று அவர் சொன்னது ஒவ்வொரு குத்துக்கும் காதில் விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மனுஷன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை, சண்டையாவது போட்டிருக்கலாம்.

நடுவில் என் மனைவி அவர் வீட்டுக்குள் போய்விட்டு வந்தாள். "உள்ள எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"இருக்கு. நீங்க வேலையப் பாருங்க," என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஷீட்டில் தேங்கிய தண்ணீரைத் தட்டிவிடப் போய்விட்டாள்.

எல்லாவற்றையும் மாட்டி இழுத்தேன். டுர்ர்ர் என்று பிடித்துக்கொண்டது! சந்தே அதிர்ந்தது. குழாய் உடலை முறுக்கி நிமிர்ந்து, முனையில் கறுப்புத் தண்ணீர் பீய்ச்சியடித்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "அல்லேலூயா!" என்று ஒரு சத்தம். நான் இடுப்பில் கைவைத்து நின்றேன். எதிர்வீட்டம்மா பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேன். பார்த்தாள். அந்த நிமிஷம் என்னைப் பிடித்து யாராவது ராக்கெட் விடச் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன்.

கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு மூச்சுத் திணறி, விக்கி, நின்றுவிட்டது.

பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று மூடியைத் திருகித் திறந்தேன். புஸ் என்று ஒரு சத்தம். உள்ளே பெட்ரோல் இருந்தது. மூடிவிட்டு இழுத்தேன், கிளம்பியது, நின்றது. மறுபடி திறந்தேன், புஸ். மூடினேன். இழுத்தேன். ஓடியது. நின்றது. இப்படியே போய்க்கொண்டிருந்தது.

"என்னாச்சு வே?"

"கம்ப்ரஷன் கோளாறு," என்று கத்தினேன். கம்ப்ரஷன் என்றால் என்ன என்று என்னைக் கேட்டுவிடாதீர்கள்.

"ஆத்தாடி, பெரிய எடத்துக் கோளாறால்லா இருக்கு," என்றார். பிறகு ஏதோ ஒரு கீர்த்தனையை உரக்கப் பாட ஆரம்பித்தார். ராகம் ஒரு பக்கம் போகிறது, அவர் ஒரு பக்கம் போகிறார்.

எனக்கு வந்ததே கோபம். "வே, வாய மூடும்! இங்கன ஒருத்தன் உயிரக் குடுத்துக்கிட்டு இருக்கேன், உமக்குப் பாட்டு கேக்குதோ?" என்று தகரத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். பாட்டு நின்றுவிட்டது. அந்த வேகத்திலேயே "சவத்து மூதி!" என்று இஞ்சினையும் ஓர் உதை விட்டேன். இஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கட்டைவிரல் நகம் போயிற்று. ஒற்றைக் காலில் குதித்தபடி மூடியை மறுபடி திறந்தேன், இழுத்தேன், ஓட ஆரம்பித்தது, வலியில் மூடியைப் போட மறந்துபோய்ப் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஓடிக்கொண்டே இருந்தது. மழை உள்ளே விழுந்துவிடுமே என்று எழுந்து மூடியைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் நின்றது.

"ஏங்க," என்றாள் என் மனைவி. "மூடியத் தெறந்து வச்சா ஓடுது. மூடினா நிக்கி."

"இஞ்சினைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"இஞ்சினைப் பத்தி என்னத்த தெரியும். உங்களைத்தானே இவ்வளவு நேரமும் பாத்துக்கிட்டு நிக்கேன்."

மூடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். உச்சியில் என்னுடைய பொட்டு. போன வருடம் நான் அப்பிய அசல் சந்தனம், குங்குமத்தோடு சேர்ந்து சிமெண்ட் மாதிரி காய்ந்து கெட்டித்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். அடியில் ஒரு குண்டூசித் தலை அளவுக்குத் துவாரம், சந்தனத்தால் அடைபட்டு இருந்தது.

எனக்கு உச்சந்தலையில் அடித்த மாதிரி ஆயிற்று. டேங்க்கிலிருந்து பெட்ரோல் கீழே இறங்க வேண்டுமென்றால் மேலே காற்று உள்ளே போக வேண்டும். அதற்குத்தான் மூடியில் அந்தத் துவாரம். காற்று போக வழியில்லாவிட்டால் பெட்ரோல் கொஞ்சம் இறங்கி, அப்படியே நின்றுவிடும். இது தெரிய இஞ்சினியராக இருக்க வேண்டியதே இல்லை. கடையில் நான் தினமும் நல்லெண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை போட்டுவிட்டு, எண்ணெய் விழாது என்று எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போடுகிறவன். இத்தனை வருடமாக அதைச் செய்துவிட்டு, இங்கே ஒரு டேங்க்கின் மூக்கைச் சந்தனத்தால் அடைத்துப் பரணில் ஏற்றி வைத்திருக்கிறேன்.

என் மனைவி வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கையில் கொடுத்தாள். குத்திச் சுத்தம் பண்ணி, ஊதிப் பார்த்து, மூடியை இறுக்கிப் போட்டு இழுத்தேன். பிடித்துக்கொண்டது. நின்றுவிடும் நின்றுவிடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நிற்கவில்லை. சீராக ஓடியது. சந்து முனையில் தண்ணீர் விடாமல் கொட்டியது.

கூச்சம் என்று ஒன்று இருந்திருந்தால் நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். ஆனால் எனக்கோ பாராட்டு வாங்கியாக வேண்டும். பொட்டைப் பற்றிச் சொல்வதாக இல்லை. பெட்ரோல் கெட்டுப்போச்சு, இப்போதெல்லாம் பெட்ரோலில் என்னென்னவோ கலக்கிறான் என்று ஒரு விளக்கத்தைத் தயார் பண்ணிக்கொண்டு, அவர் வீட்டுப் பலகையைத் தாண்டி உள்ளே காலை வைத்தேன்.

கணுக்கால் அளவு என்று நம்பி இறக்கிய கால் தொடை வரைக்கும் போயிற்று. தடுமாறி விழப் போய் நிலையைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்குள் பாத்திரங்கள் மிதந்தன. கட்டில் மெத்தையின் ஓரம் நனைந்து தண்ணீர் மேலே ஏறியிருந்தது. மதினி தண்ணீருக்குள் நின்றுகொண்டு, அந்தக் கம்பி போட்ட காலைத் தன் தோளில் தூக்கி வைத்திருந்தாள். வளையத்தின் இரும்பு அழுத்தி அவள் கழுத்துப் பக்கம் சிவந்து கன்றிப்போயிருந்தது. எவ்வளவு நேரமாக அப்படி நிற்கிறாளோ. அவர் மல்லாக்கப் படுத்து, தலைக்கு மேலே கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"என்ன இஞ்சினியர், கம்ப்ரஷன் சரியாயிட்டா?" என்றார். பேச்சு எப்போதும் போலத்தான் இருந்தது. கட்டில் கம்பியை மட்டும் விடவில்லை.

"ஏன் வே, கணுக்கால்னுலா சொன்னீரு!" என்னையறியாமல் கத்திவிட்டேன். "ஏன் வே சொல்லல? நான்பாட்டுக்கு அங்கன வெளையாடிக்கிட்டு..."

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீரு?"

"ஓடி வந்து தூக்கியிருப்பேன்!"

"அதான் சொல்லல. தூக்கியிருப்பீரு. இந்தச் சந்துல வழுக்கி, சாக்கடையில என்னயப் போட்டுட்டு நீரும் மேல விழுந்திருப்பீரு. அது இஞ்சின், நீரு ஒடச்சாலும் வேற வாங்கிக்கிடலாம்."

பலகைக்கு வெளியே என் மனைவி நின்றாள். "அண்ணாச்சிதான் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க," என்றாள். "தெரிஞ்சா உங்களுக்குக் கை ஓடாதாம். பேச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தா நீங்க ரோசத்துல செஞ்சிருவீங்களாம்."

அந்தப் பாட்டும் அதற்குத்தான். தண்ணீர் மெத்தையைத் தொட்ட நேரத்தில்தான் மனுஷன் பாட ஆரம்பித்திருக்கிறார். அதைத்தான் நான் வாயை மூடச் சொன்னேன். தயார் பண்ணிவைத்திருந்த பெட்ரோல் விளக்கத்தை அந்தத் தண்ணீரிலேயே விட்டுவிட்டேன்.

"மதினி, இங்க குடுங்க," என்றேன். இரண்டு கையாலும் வாங்கி, வளையம் இடிக்காமல், அந்தக் காலை என் தோளில் வைத்துக்கொண்டேன். நல்ல கனம். மதினி சுவரில் சாய்ந்து, அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். கட்டுத் துணியைத் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"பாத்து வே, கீழ போட்டுராதேயும்," என்றார் அவர்.

காலை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடுகிறது, துடைக்கக் கை இல்லை. இரண்டு கையும் அவர் காலில் இருந்தது.

"பெட்ரோல் புகை," என்றேன். "கண்ணு கரிக்கி."

இஞ்சின் வெளியே என் வாசல்படியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்குள் புகையே இல்லை.

"ஆமா வே," என்றார் அவர். "ரொம்பப் புகை."